முதலில் பிரேக், பிறகு கியர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. தலைச்சோலையில் எங்கள் வீட்டைச் சுற்றி மூடுபனி இன்னும் விலகவில்லை. காபித் தோட்டத்துக்கு நடுவே வரும் சாலையில் ஒரு வண்டியின் உறுமல் கேட்டது. "பையன் வந்துட்டான் போல" என்றாள் என் மனைவி. பையன் என்றால் என் மகள் வயிற்றுப் பேரன். கோயம்புத்தூரில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய போலோ வாங்கினான். 1.0 டி.எஸ்.ஐ., ஆறு கியர், 110 குதிரைத்திறன். பார்க்கச் சின்ன வண்டிதான், ஆனால் மிதித்தால் பறக்கிறது.

காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு உட்காரக்கூட இல்லை. "தாத்தா, வண்டியில ரெண்டு வேலை பண்ணியிருக்கேன். பிரேக் மாத்தியாச்சு. கியரும் மாத்தியாச்சு. வாங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்றான்.

பாட்டி கேட்டாள், "ஏன்டா, வண்டி நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு? இப்ப எதுக்கு மாத்தினே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியை 1987-ல் இதே குரலில் என்னிடமும் கேட்டிருக்கிறாள். அன்று நானும் அவனைப் போலத்தான் பதில் சொல்லாமல் மழுப்பினேன். ஒரே வித்தியாசம், அவன் இரண்டையும் மாற்றியிருக்கிறான். நான் கியரை மட்டும் மாற்றினேன். அந்தக் கதையை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அப்போது எனக்குச் சேலத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநர் வேலை. பையன்களுக்கு அரம் பிடிக்கவும் லேத் ஓட்டவும் சொல்லித்தருபவன். அதனால் இயந்திரம் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு நினைப்பு. 1986-ல் ஒரு பழைய பிரீமியர் பத்மினி வாங்கினேன். பம்பாய் குர்லாவில் தயாரான வண்டி, 1089 சி.சி. அதை யாரும் பத்மினி என்று சொல்ல மாட்டோம், ஃபியட் என்றுதான் சொல்வோம். அந்தக் காலத்தில் சாலையில் தெரிந்ததெல்லாம் அம்பாசடர், ஃபியட், எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மாருதி வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

ஃபியட் ஓட்டியவர்களுக்குத் தெரியும், கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும். இடது கையால் மேலே கீழே தள்ளிப் போட வேண்டும். அந்தக் கம்பியிலிருந்து கியர் பெட்டிவரை இரண்டு மூன்று இணைப்புத் தண்டுகள். அவற்றின் மூட்டுகளில் இருக்கும் புஷ் தேய்ந்துவிட்டால் போச்சு. ஒரு கியருக்கும் இன்னொரு கியருக்கும் நடுவில் லாக் ஆகி நின்றுவிடும். இறங்கி, பானெட்டைத் திறந்து, அந்தத் தண்டைக் கையால் ஆட்டி விடுவிக்க வேண்டும். ஏற்காட்டு மலைப்பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஏதாவது ஒரு வளைவில், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடிக்க, நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்ற நாட்கள் பல. மாமனார் வீடு தலைச்சோலையில் இருந்ததால் மாதம் ஒரு முறையாவது இந்த மரியாதை உண்டு.

இந்த நேரத்தில் நண்பர் ஒருவர் என்னை சோழவரம் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வரும்வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. வெயில், புழுதி, கூட்டம், காது கிழியும் சத்தம். அங்கே நம் ஊர் ஃபியட்டே ஓடியது! கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் தண்டில் கியர் இல்லை. தரையிலிருந்து ஒரு குட்டைக் கம்பி, உச்சியில் ஒரு கறுப்புக் குமிழ். அன்று ராத்திரி ரயிலில் தூக்கம் வரவில்லை. கை தானாக அந்தக் குமிழைத் தேடியது.

சேலத்தில் என் வண்டியைப் பார்த்துவந்த மெக்கானிக்கிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லாரிப் பட்டறையில் வளர்ந்தவர். தரைக்கு கியர் மாற்ற வேண்டும் என்றேன். அவர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து சொன்னார்:

"மாத்தலாம் சார். ஆனா பிரேக் அடியில போய்ப் பிடிக்குது. கப் எல்லாம் மாத்தணும், ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கு, ஆயில் கறுத்துப்போய்க் கிடக்குது. கையில இருக்கிற காசுக்கு முதல்ல பிரேக்கைப் பாருங்க. போறது அப்புறம், நிக்கறதுதான் முதல்ல."

"அடுத்த மாசம் பார்க்கலாம் அண்ணே" என்றேன். பிரேக்கை மாற்றினால் யாருக்குத் தெரியும்? கியரை மாற்றினால் ஏறி உட்காருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா, காரணம் அதுதான்.

ஒரு வாரம் வண்டி பட்டறையில் நின்றது. நடுத் தரையை வெட்டி, இணைப்பை மாற்றி, கம்பியை நிறுத்தினார்கள். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. ஃபியட்டில் முன்னால் ஒரே நீள சீட். அது இருந்தால் தரைக் கியர் தட்டும். எனவே அதைக் கழற்றிவிட்டு இரண்டு தனித்தனி சீட் போட்டோம். வண்டி வீட்டுக்கு வந்ததும் ஊரே பார்த்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்பா, என் இடம் எங்கே?" என்றாள். அதுவரை எனக்கும் அவள் அம்மாவுக்கும் நடுவில்தான் அவள் உட்கார்ந்து வருவாள். அந்த இடத்தில் இப்போது ஒரு கம்பி நின்றது. "நீ பெரிய பொண்ணு, பின்னால பாட்டிகூட உட்காரு" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

'அடுத்த மாசம்' வரவே இல்லை. 1988 மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. என் அம்மா, மனைவி, மகள், மைத்துனன், நான், ஐந்து பேர். மலர்க் கண்காட்சி பார்த்துவிட்டு மாமனார் வீட்டில் சாப்பிட்டு, மூன்று மணிக்கு மேல் இறங்கத் தொடங்கினோம். மைத்துனன் முன் சீட்டில். அவனுக்குப் புதுக் கியரைக் காட்ட வேண்டாமா? நேர்ப்பாதையில் டாப், வளைவு வந்தால் பிரேக்கை அழுத்தி மூன்றாவது, மறுபடி டாப். ஒவ்வொரு வளைவையும் பிரேக்கிலேயே பிடித்து இறங்கினேன்.

ஏழெட்டு வளைவு தாண்டியதும் ஒரு வாடை. "என்னமோ கருகுது கண்ணு" என்றார் அம்மா பின்னாலிருந்து. "முன்னால போற பஸ்ஸும்மா" என்றேன். எனக்குத் தெரியும், அது பஸ் இல்லை.

கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவுக்கு முன்னால் பெடலை மிதித்தேன். கால் பஞ்சில் இறங்குவது போல் இறங்கித் தரையைத் தொட்டது. வண்டி குறையவில்லை. விட்டு விட்டு நாலைந்து முறை வேகமாக மிதித்தேன். கொஞ்சம் பிடித்தது, மறுபடி விட்டது. எப்படியோ இரண்டாவது கியரைப் போட்டேன். எஞ்சின் அலறியது, வண்டி கொஞ்சம் அடங்கியது. வளைவைச் சுற்றும்போது பின்னால் மகள் கத்தவில்லை, அழவில்லை. அந்த அமைதிதான் இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த வண்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் போட வேண்டுமானால் டபுள் கிளட்ச் அடித்து, ஆக்சிலரேட்டர் கொடுத்துத்தான் போட வேண்டும். பல்லெல்லாம் கரகரவென்று அரைத்துக்கொண்டு விழுந்தது. வளைவுக்கு அப்புறம் மலைச்சுவர் என் இடது பக்கம் வந்தது என் அதிர்ஷ்டம். மண்மேட்டில் வண்டியை உரசவிட்டு நிறுத்தினேன். வலது பக்கம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை நான் யோசிக்க விரும்பவில்லை.

சக்கரங்களிலிருந்து புகை. மேலே ஏறிவந்த லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். மைத்துனன் மீதித் தண்ணீரை டிரம்மில் ஊற்றப் போனான். "ஊத்தாதீங்க, வெடிச்சுப்போகும். தானா ஆறட்டும்" என்று தடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமில்லாமல் கேட்டார்: "எந்தக் கியர்ல சார் ஏறுவீங்க?" ரெண்டு, சில இடத்தில் ஒன்று என்றேன். "அப்ப அதுலயே இறங்கணும் சார்." அவ்வளவுதான். போய்விட்டார். மாணவர்களுக்கு வெப்பமும் உராய்வும் பாடம் நடத்துகிறவனுக்கு இதை ஒரு லாரி டிரைவர் நடுரோட்டில் சொல்லித்தர வேண்டியிருந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். ஆட்களோடு வண்டி 1,200 கிலோ. அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயரம் சுமார் 1,000 மீட்டர் வித்தியாசம். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சுமார் 37 லிட்டர் தண்ணீரைச் சாதாரணச் சூட்டிலிருந்து கொதிக்க வைக்கப் போதும். ஒரு பெரிய அண்டா நிறைய வெந்நீர்! காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் வாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்க வேண்டும். சின்ன கியரில் இறங்கினால் எஞ்சின் வாங்கிக்கொள்கிறது. டாப்பில் இறங்கினால் எல்லாம் அந்த நாலு டிரம்மின் தலையில்.

டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருக்கும் ஷூவை விட்டு விலகும். லைனிங்கும் பிடிமானத்தை இழக்கும். அதைவிட மோசம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பழைய ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள். திரவத்தை அழுத்தினால் அழுத்தம் சக்கரத்துக்குப் போகும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும், சக்கரத்துக்கு எதுவும் போகாது. என் கால் பஞ்சில் இறங்கியது அதனால்தான். மெக்கானிக் 'ஆயில் கறுத்துப்போச்சு' என்று சொன்னதன் அர்த்தம் அன்று புரிந்தது.

மறுநாளே பிரேக் வேலை முழுதும் செய்தேன். தரைக் கியருக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு கூட ஆகவில்லை. மெக்கானிக் 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பல வருடம் நான் எல்லோரிடமும் சொல்லி வந்தது என்ன தெரியுமா? "தரைக் கியர் இருந்ததால் தப்பித்தோம். தண்டுக் கியராக இருந்திருந்தால் லாக் ஆகியிருக்கும்" என்பதுதான். அது பாதி உண்மை. அதே கியரைப் பத்து வளைவுக்கு முன்னாலேயே போட்டிருந்தால் தப்பிக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது என்பது மீதிப் பாதி.

சரி, பேரனுக்கு வருகிறேன். வண்டியைச் சுற்றிக் காட்டினான். முன்சக்கரங்களில் முன்பிருந்ததைவிடப் பெரிய டிஸ்க், அதற்கேற்ற காலிப்பர், அதிகச் சூடு தாங்கும் பேடு, ரப்பர் ஹோஸுக்குப் பதில் எஃகு நூல் பின்னிய ஹோஸ், புது டாட் 4 ஆயில். பின்னால் கம்பெனி கொடுத்த டிரம்மே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் பெரும் வேலை முன்சக்கரத்துக்குத்தான். டிஸ்க் காற்றில் திறந்து கிடப்பதால் சீக்கிரம் ஆறும். சூட்டில் விரிந்தாலும் டிரம் போல விலகிப் போகாது.

கியரில் அவன் செய்திருப்பது ஷார்ட் ஷிஃப்டர். ஒன்றுமில்லை, நெம்புகோல் தத்துவம்தான். கம்பி அசையும் மையத்துக்கு மேல் உள்ள நீளத்தைக் குறைத்து, கீழுள்ளதைக் கூட்டினால் கை நகர வேண்டிய தூரம் குறையும். முன்பு ஒரு சாண் போன கை இப்போது நாலு விரல்கடை போகிறது. ஆனால் இலவசமாக எதுவும் கிடைக்காது. தூரம் குறைந்த அளவுக்குக் கொஞ்சம் அழுத்திப் போட வேண்டும். நானும் போட்டுப் பார்த்தேன். டக் டக்கென்று விழுந்தது. பொய் சொல்வானேன், சோழவரத்தில் பார்த்த அந்தக் கறுப்புக் குமிழ் ஞாபகம் வந்துவிட்டது.

கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டிப் பார்க்கப் போகிறானாம். பந்தய வண்டி செய்த கோவை கரிவரதன் நினைவாகப் பெயர் வைத்த பாதை அது. அவர் 1995-ல் விமான விபத்தில் இறந்தபோது நாங்களெல்லாம் வருத்தப்பட்டோம். இந்தத் தலைமுறை அவர் பெயர் போட்ட பாதையில் ஓட்டுகிறது.

"எதை முதல்ல மாத்தினே?" என்று கேட்டேன்.

"பிரேக்தான் தாத்தா. ஆறு மாசம் கழிச்சுத்தான் கியர். அம்மா கண்டிஷனாச் சொல்லிட்டாங்க, முதல்ல நிக்கறதுக்குச் செலவு பண்ணு, அப்புறம்தான் மத்ததெல்லாம்னு."

நான் பேசவில்லை. மெக்கானிக் அன்று சொன்ன சொல்லை நான் வீட்டில் ஒருமுறை அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். ஏழு வயதுப் பெண் காதில் அது விழுந்தது எனக்குத் தெரியாது. இன்றும் அவள் மலைப்பாதையில் யார் வண்டியில் உட்கார்ந்தாலும், ஒவ்வொரு வளைவிலும் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அது மட்டும்தான் அன்றைய மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

இருவரும் கிளம்பினோம். ஏற்காட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. நன்றாகவே ஓட்டினான். ஆனால் கவனித்தேன். மூன்றாவது கியரில் வந்து, வளைவுக்கு மிக அருகில் வந்தபிறகு பிரேக்கை அழுத்துகிறான். பிரேக் அப்படியே பிடித்து நிறுத்துகிறது. அதனால் அடுத்த வளைவுக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக வருகிறான். ஐந்தாறு வளைவு பார்த்துவிட்டு, அகலமான இடத்தில் ஓரமாக நிறுத்தச் சொன்னேன். "சக்கரத்துக்கிட்ட கையைக் காட்டு, தொட்டுடாதே." காட்டினான். சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

சொன்னேன்: "நான் ரிட்டயர் ஆனவன், எனக்குத் தெரிஞ்ச மாதிரி சொல்றேன் கண்ணு. இந்த பிரேக் பேங்க்ல அவசரத்துக்குப் போட்டு வெச்ச டெபாசிட் மாதிரி. மாடு குறுக்கே வந்தா, எதிர்ல பஸ் வந்தா எடுக்கிறதுக்கு. நீ அதை ஒவ்வொரு வளைவுலயும் எடுத்துச் செலவு பண்ணிட்டே வர்றே. அவசரம் வர்றப்ப கணக்குல எவ்வளவு இருக்கும்?"

அவன் பதில் சொல்லவில்லை. வண்டி ஆறும்வரை இருவரும் கீழே தெரியும் சேலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கிளம்பும்போது இரண்டாவது கியரில் போட்டான். அதற்கப்புறம் பிரேக்குக்கு வேலையே இல்லை. எஞ்சின் முனகிக்கொண்டே இறங்கியது.

ஒன்பதாவது வளைவுக்கு அப்புறம், "இங்கேதான்" என்றேன். வேகம் குறைத்து அந்த மண்மேட்டைப் பார்த்தான். இப்போது அங்கே கல் கட்டி, செடி முளைத்திருக்கிறது.

"அம்மா இதைப் பத்திச் சொன்னதே இல்லையே தாத்தா."

"நானும்தான் சொல்லலை" என்றேன்.

என்னைப் போன்ற தாத்தாக்களுக்கு இரண்டு விஷயம். பிள்ளைகள் வண்டியில் மாற்றம் செய்தால் திட்டாதீர்கள், எதை முதலில் செய்தாய் என்று கேளுங்கள். பிரேக் என்றால் தட்டிக்கொடுங்கள். எந்த மாற்றமானாலும் சட்டப்படி பதிவுச் சான்றிதழுக்குப் பொருந்துகிறதா, காப்பீட்டுக் கம்பெனிக்குத் தெரியுமா என்றும் கேட்டுவையுங்கள். புது வண்டியோ பழைய வண்டியோ, பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழைய பழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. அதை இன்றோடு விடுங்கள்.

அடிவாரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மகளிடமிருந்து போன். எங்கே இருக்கிறீர்கள் என்றாள். மலை இறங்கி வந்தோம் என்றேன். ஒரு நொடி பேச்சில்லை.

"எந்தக் கியர்லப்பா இறங்கினான்?"

"செகண்ட்லதான்மா" என்றேன். முதல் ஆறு வளைவைப் பற்றி நான் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.